வெட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஒஹையோ ஆறும் டென்னசி ஆறும் கலக்கும் இடத்தில் படூக்கா என்றொரு சிறு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை முப்பதாயிரத்தைத் தொடாது. ஆனால் ஏப்ரல் கடைசியில் நாலு நாள் மட்டும் அங்கே தங்குவதற்கு அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. காரணம், குவில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வை. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகப்பு மேலே, பஞ்சு விரிப்பு நடுவில், முழுத்துணி அடியில், மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். இவ்வளவுதான் குவில்ட். இதற்கென்று 1985 முதல் அங்கே பெரிய கண்காட்சி நடக்கிறது. 1991இல் அருங்காட்சியகமும் வந்தது. 2013இல் யுனெஸ்கோவின் படைப்பு நகரங்கள் பட்டியலில் கைவினைக்காக அந்த ஊர் சேர்ந்தது.

வசந்தம் வந்ததும் இந்த ஊரை நோக்கிக் காரில் கிளம்புகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காகவும், அப்படிக் கிளம்ப ஆசைப்படுகிறவர்களுக்காகவும் சில விஷயங்கள் சொல்கிறேன்.

குவில்ட் வேலையில் இடத்தை அடைத்துக்கொள்வது வெட்டுவதும் இஸ்திரி போடுவதும்தான். மேசை வேண்டும், வெட்டுப்பலகை வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். கைத்தையலுக்கு மடி போதும். ஆகவே மேசை வேலையெல்லாம் மார்ச் மாதத்திலேயே வீட்டில் முடிய வேண்டும். சாலையில் ஊசி வேலை மட்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உருளைக் கத்தி, பலகை, ஸ்கேல் எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய், ஓட்டல் அறையின் ஆடுகிற மேசையில் வெட்டுகிறார்கள். அங்கேதான் அளவு கெடும்.

எப்படிக் கெடுகிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். குவில்ட்டில் தையலுக்கு விடும் ஓரம் கால் இஞ்ச். அது ஓர் இஞ்சில் 16இல் ஒரு பங்கு கூடிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு துணிகள் அந்த அளவை இழக்கின்றன. அப்படியானால் தையலுக்கு அரைக்கால் இஞ்ச் போகிறது. ஒரு வரிசையில் 8 தையல் இருந்தால் முழுசாக ஓர் இஞ்ச் காணாமல் போயிருக்கும். பக்கத்து வரிசையில் 4 தையல்தான் என்றால் அதில் அரை இஞ்ச்தான் போயிருக்கும். பிறகு இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? இழுத்துச் சேர்த்தால் போர்வை அலையலையாக நெளியும்.

சாலைக்கு ஏற்ற வேலை எது என்று கேட்டால் காகித அச்சு வைத்துத் தைக்கும் அறுகோணத்தைத்தான் நான் சொல்வேன். பக்கம் 1 இஞ்ச் உள்ள அறுகோணக் காகிதங்கள் வெட்டிய நிலையிலேயே விற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 2½ இஞ்ச் சதுரத் துணி போதும். கடையில் மடித்து அடுக்கி வைத்திருக்கும் கால் கஜத் துண்டு, 18 இஞ்சுக்கு 22 இஞ்ச் இருக்கும். அதில் ஒரு பக்கம் 7, மறுபக்கம் 8 என்று 56 சதுரம் வரும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று 7 சேர்ந்தால் ஒரு பூ. ஒரே துணியில் செய்தால் 8 பூக்கள். பூ ஒன்றுக்கு ஒரு சிறு பை வீதம் போட்டு, துணி, காகிதம் இரண்டையும் எண்ணி வைத்துவிடுங்கள். ஓட்டல் படுக்கையில் கடையை விரிக்க வேண்டியிருக்காது.

துணியைக் காகிதத்தின் மேல் மடித்து நிறுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று பசைப் பேனா, இன்னொன்று நூலால் ஓட்டுத்தையல். பசை வேகமானது. ஆனால் மடிப்பின் ஓரம்வரை பூசினால் ஊசி இறங்காது. காகிதத்தை எடுக்கும்போது அதுவும் கிழியும். ஓரத்திலிருந்து சற்று உள்ளே, சிறு பொட்டாக வைத்தால் போதும். வெயிலில் நிறுத்திய காரில் பசைப் பேனா இளகிக் கூழாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நூல்தான் எனக்குப் பிடிக்கும், காருக்கு அது ஒத்துப்போகிறது. பிறகு இரண்டு அறுகோணங்களை நேர்நேராக வைத்து, மடிப்பின் விளிம்பில் இரண்டு மூன்று இழை மட்டும் எடுத்துச் சுற்றித் தைக்க வேண்டும். ஓர் இஞ்சுக்கு 16 தையல் வந்தால் நல்லது. காகிதத்தையும் சேர்த்துக் குத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. ஊசி சரசரவென்று சத்தம் போட்டால் ஆழமாகப் போகிறது என்று அர்த்தம். நூல் 18 இஞ்சுக்கு மேல் வேண்டாம். நீளமான நூல் துணிக்குள் போய் வந்து போய் வந்து பிசிறு தட்டும், முறுக்கிச் சிக்கும். எல்லாப் பக்கமும் தைத்து முடிந்த காகிதத்தை மட்டும் உருவுங்கள். ஓரத்துக் காகிதம் இருக்கட்டும்.

கார் ஓட்டுகிறவர் தைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஊசியை எண்ணிக்கொண்டு ஏற வேண்டும், எண்ணிக்கொண்டு இறங்க வேண்டும். இருக்கை மடிப்பில் விழுந்த ஊசி மறுநாள் யாரையாவது தேடி வரும். காந்தம் வைத்த சிறு டப்பா இதற்குக் கைகண்ட மருந்து.

தையல் மெஷினை விட்டுவிட்டு வர மனசில்லாதவர்கள் பழைய சிங்கர் ஃபெதர்வெயிட் தேடுகிறார்கள். 1933இல் வந்த மாடல். அலுமினிய உடம்பு, எடை சுமார் 5 கிலோ, மடிக்கிற மேசைத்தட்டு, நேர்த்தையல் மட்டும். நேர்த்தையல் அதற்கு அருமையாக வரும். காரில் அதன் பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள், எண்ணெய் கசிந்து துணியில் இறங்கும். அமெரிக்காவில் வாங்கியது 110 வோல்ட் மெஷின். ஊருக்குக் கொண்டுவந்து நேராகச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும்.

வழிக்கு வருவோம். நாஷ்வில்லிலிருந்து படூக்காவுக்கு 24ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். கென்டக்கியின் கிழக்குப் பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் இலாபம், ஏனென்றால் படூக்கா மத்திய நேரத்தில் இருக்கிறது. திரும்பும்போது அந்த மணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏப்ரல், மே அந்தப் பகுதியில் டொர்னேடோ என்கிற சுழல்காற்றுக் காலம். வானிலை எச்சரிக்கையை போனில் போட்டு வையுங்கள். தங்கும் விடுதியில் தரைக்குக் கீழே உள்ள தளம் எங்கே இருக்கிறது என்று நுழைந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒஹையோ பக்கமிருந்து வருகிறவர்கள் ஆடம்ஸ் கவுண்டியைத் தொட்டு வரலாம். அங்கே 2001இல் டோனா சூ குரோவ்ஸ் என்பவர், குவில்ட் தைக்கும் தம் தாயைச் சிறப்பிக்க, பழைய தானியக் கொட்டகைகளின் சுவரில் குவில்ட் கட்டங்களை வண்ணத்தில் தீட்டும் திட்டத்தைத் தொடங்கினார். இன்று அது பல மாநிலங்களில் பரவிவிட்டது. பெரும்பாலும் 8 அடிச் சதுரம், அதாவது 4க்கு 8 அடிப் பலகை இரண்டு. சாலையோரம் பார்க்கும் கட்டத்தை வீட்டில் தைக்கலாம். ஒஹையோ நட்சத்திரம் என்கிற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12 இஞ்ச் கட்டத்துக்கு 4½ இஞ்ச் சதுரம் ஐந்து வேண்டும். நான்கு மூலை, ஒரு நடு. நட்சத்திர முனைகளுக்கு 5¼ இஞ்ச் சதுரம், நட்சத்திர நிறத்தில் இரண்டு, பின்னணி நிறத்தில் இரண்டு. ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை இரண்டு முறை வெட்டினால் மொத்தம் 16 முக்கோணம். அதில் 4 சேர்ந்து ஒரு சதுரம். வெட்டிய முக்கோணத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இழுக்காதீர்கள். குறுக்கு வெட்டு ஓரம் நீண்டுவிடும். பெட்டியைத் தூக்கித் தூக்கி அமுக்குங்கள்.

படூக்கா அருங்காட்சியகத்தில் இருப்பவை பெரும்பாலும் நம் காலத்துக் குவில்ட்கள். நுணுக்கம் மூச்சை நிறுத்தும், சில நேரம் நுணுக்கம் மட்டுமே இருக்கும். பழையவற்றைப் பார்க்க நெப்ராஸ்காவின் லிங்கன் நகரம் போக வேண்டும். குவில்ட் சேகரித்த ஜேம்ஸ் தம்பதியர் 1997இல் கொடுத்த ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான குவில்ட்களில் பிறந்தது அங்குள்ள அருங்காட்சியகம். பழைய குவில்ட்களோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சோழமண்டலக் கரையில் எழுதிச் சாயமேற்றிய பூத்துணிகளை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கம்பெனிக் கப்பல்கள் ஏற்றிப் போயின. துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்புக்கு ஐரோப்பா மயங்கியது. இங்கிலாந்து நெசவாளர்கள் கொதித்தெழ, 1700இலும் 1721இலும் பருத்திப் பூத்துணிகளுக்கு எதிராகச் சட்டங்கள் வந்தன. விலை உயர்ந்த அந்தத் துணியிலிருந்து பூவையும் பறவையையும் தனித்தனியே வெட்டி, வெள்ளைத் துணியில் பரப்பிப் பதித்துத் தைத்தார்கள். கொஞ்சம் துணியில் முழுப் போர்வையும் நிறைந்துவிடும். அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவுக்கும் அந்தப் பாணி போனது. கண்ணாடிக்கு அப்பால் அப்படியொரு போர்வை தொங்கினால், பூவின் விளிம்பைக் கவனியுங்கள். தையல் தெரிந்தவருக்கு அங்கே ஒரு மணி நேரம் போதாது.

கண்காட்சியில் குவில்ட்டைத் தொடக் கூடாது, கை எண்ணெய் துணியில் இறங்கும். வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர்கள் நிற்பார்கள். கேட்டால் ஓரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். கேளுங்கள், கூச்சம் வேண்டாம். தைத்தவரின் கை பின்பக்கத்தில்தான் ஒளிக்காமல் தெரியும். ஓரப்பட்டைக்குள் பஞ்சு முழுதாக நிரம்பியிருக்கிறதா, மூலை கூராக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனிக் கடை. துணி வாங்குவதில் காசு கரைவது அழகுக்கு மயங்கி அல்ல, அளவு தெரியாமல்தான். குவில்ட் பருத்தியின் அகலம் 44 இஞ்ச் என்று எழுதியிருந்தாலும் கரையை நீக்கினால் 42 வைத்துக்கொள்ளுங்கள். 90க்கு 100 இஞ்ச் போர்வைக்கு அடித்துணி ஒவ்வொரு பக்கமும் 4 இஞ்ச் கூட வேண்டும். ஆகவே 98க்கு 108. சாதாரண அகலத் துணியில் 98 இஞ்ச் நீளத்தில் மூன்று துண்டு வெட்டி இணைக்க வேண்டும்: 8¼ கஜம். 108 இஞ்ச் அகலத் துணியென்றால் 3¼ கஜத்தில் முடியும், இணைப்புத் தையலும் இல்லை. விலைச்சீட்டைப் பார்த்து அகலத் துணி அதிகம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

வீட்டிலிருக்கும் துணிகளில் சிறு துண்டு வெட்டி ஓர் அட்டையில் ஒட்டி, பக்கத்தில் தேவையான கஜத்தை எழுதி எடுத்துப் போங்கள். போன் படத்தை நம்பி நிறம் பொருத்தக் கூடாது. கடை விளக்கையும் நம்பக் கூடாது. விடுவார்களா என்று கேட்டு, வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆமிஷ் என்கிற, பழைய முறையில் வாழும் கிறித்தவப் பிரிவுக் குடும்பங்களின் கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. ரொக்கம் வைத்திருங்கள், அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

வாங்கிய துணியோ, தைத்த போர்வையோ காரின் பின் கண்ணாடியருகே கிடக்கக் கூடாது. கண்ணாடி வழியாக விழும் வெயிலில் மடிப்பு வரி வெளுத்துவிடும். பருத்தித் தலையணை உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் கட்டும். மடிக்கும்போது எப்போதும் ஒரே வரியில் மடிக்காமல், ஒருமுறை மூலைவாட்டில் மடித்துப் பாருங்கள். ஓட்டல் இஸ்திரிப் பெட்டியின் அடியில் யார் யாருடைய கஞ்சியோ கருகிக் கிடக்கும். பழைய துண்டில் தேய்த்துப் பார்த்த பிறகே உங்கள் துணியில் வையுங்கள்.

வீடு திரும்பியதும் சிவப்பு, கருநீலம், பத்திக் துணிகளைத் தனியே எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் வெந்நீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். நீரில் நிறம் இறங்கினால் அந்தத் துணியை நீர் தெளியும்வரை அலசிய பிறகே வெட்டலாம். இதைச் செய்யாமல் தைத்து, முதல் துவைப்பில் வெள்ளைக் கட்டத்தில் சிவப்பு ஏறிவிட்டதா? பதறி டிரையரில் போட்டுவிடாதீர்கள். சூட்டில் கறை நிலைத்துவிடும். ஈரம் காயும் முன்பே தொட்டி நிறைய வெந்நீரும் சோப்பும் விட்டு, போர்வை முழுவதும் மூழ்கும்படி இரவெல்லாம் வையுங்கள். காலையில் நீர் நிறமாக இருந்தால் மாற்றி மறுபடி ஊற வையுங்கள்.

வணக்கம்.