அக்காவுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள்

நடுவர் அம்மா அவர்களுக்கும், எதிரணியில் உட்கார்ந்து இப்போதே என்னைப் பார்த்துச் சிரிக்கிற மூவருக்கும், இந்தக் குளிரில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வந்து உட்கார்ந்திருக்கிற கோத்தகிரி மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் செல்போன், சீரியல், மைதா எல்லாவற்றையும் திட்டி முடித்ததில் எனக்கே தலைப்பு மறந்துபோய்விட்டது. "பிள்ளைக் கடத்தல் த்ரில்லர்கள் இளையவர்களுக்குத் தருவது பயமா, விழிப்பா?" நான் விழிப்பு அணி. அதிலும் தங்கச்சி காணாமல் போகிறாள், அக்கா தேடிக் கிளம்புகிறாள் என்ற வகைக் கதைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வாரக் கடைசியில் நூலகத்தில் இளையோர் அலமாரியைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் சண்டை போட்டு எடுத்துப் போவது அந்த வகைப் புத்தகத்தைத்தான்.

அண்ணன் சொன்ன முதல் குற்றச்சாட்டைப் பார்ப்போம். அவர் மகள் ஒரு கடத்தல் நாவலைப் படித்தாளாம். அன்றிலிருந்து ராத்திரி பாத்ரூம் போவதற்குக்கூட அம்மாவைத் துணைக்குக் கூப்பிடுகிறாளாம். நடுவர் அவர்களே, அண்ணன் வீட்டுப் பாத்ரூம் வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் செடியை ஒட்டி இருக்கிறது. கோத்தகிரியில் ராத்திரி பத்து மணிக்குமேல் தேயிலைக்குள்ளிருந்து கரடி வரும் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் துணைக்குக் கூப்பிட்டது நாவல் படித்ததால் இல்லை, அறிவு இருப்பதால்.

சரி, விளையாட்டு போதும். பயம் நாவலில் இருந்துதான் வருகிறது என்கிறார்கள். நாவல் என்ற ஒன்றைத் தொட்டே பார்க்காத நம் பாட்டிமார்தானே 'பிள்ளை பிடிக்கிறவன் வர்றான், சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டுப் போயிடுவான்' என்று சொல்லிச் சொல்லி நமக்குச் சோறு ஊட்டினார்கள்? ஊட்டி மாரியம்மன் தேருக்குக் கிளம்பும்போது பிள்ளையின் காதில் கிடக்கிற தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டதும் அவர்கள்தான். அதில் நியாயமும் இருந்தது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் மேல் இருப்பதைத் திருடுவதற்காகக் கடத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று 1860-ஆம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டத்திலேயே தனிப் பிரிவு இருந்தது. அதற்குப் பதிலாக வந்த இன்றைய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. அவ்வளவு பழைய பயம் இது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பாட்டி சொல்லித் தரவில்லை. சோறு இறங்கியதும் கதை முடிந்துவிடும்.

பயம் மட்டும் இருந்து, யோசனை இல்லாமல் போனால் என்ன ஆகும்? 2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து 65 வயது அம்மா ஒருவர் சொந்தக்காரர்களோடு காரில் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறார். வழி கேட்க வண்டியை நிறுத்துகிறார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுக்கிறார். அவ்வளவுதான். வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்ததில் அவர் செத்தே போனார். கூட வந்தவர்களுக்கும் பலத்த அடி. அதே வருடம் ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்து ரைன்பாடா கிராமத்தில் இதே வதந்தியில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எதிரணியைக் கேட்கிறேன். அந்தக் கூட்டத்தில் கட்டை எடுத்தவர்களைக் கிளப்பிவிட்டது எந்த நாவல்? அவர்கள் படித்தது நாலு வரி ஃபார்வர்டு. நாலு வரி ஃபார்வர்டில் முதல் வரியிலேயே குற்றவாளி யார் என்று சொல்லிவிடுவார்கள். முந்நூறு பக்க த்ரில்லரில் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டார்கள். இந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் இந்த அணியில் நிற்கிறேன்.

நடுவர் அனுமதித்தால் ஒரு சின்ன விஷயம். நூலகத்துக்குத் திரும்பி வந்த ஒரு த்ரில்லரை அலமாரியில் வைக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் பென்சில் எழுத்து. நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்பு, அதை நான் ஆதரிக்கவில்லை. நூலகர் முன் வரிசையில்தான் இருக்கிறார், முறைக்க வேண்டாம். தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் 'டிரைவர்தான்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் அதே கை அதை அடித்துவிட்டு 'புது சார்' என்று எழுதியிருக்கிறது. அதுவும் அடிபட்டு 'பக்கத்து வீட்டு ஆன்ட்டி'. அதற்கும் குறுக்கே கோடு. கடைசி அத்தியாயத்துக்குப் பக்கத்தில் பெயரே இல்லை. பெரிய எழுத்தில் 'அய்யோ' என்று மட்டும் இருக்கிறது.

யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்தைப் பார்த்தால் ஒன்பது, பத்து படிக்கிற பெண்ணாக இருக்கும். ஒரே புத்தகத்தில் மூன்று பேர்மேல் பழி போட்டு, மூன்று முறையும் தானே திருத்திக்கொண்டிருக்கிறாள். முதலில் அவள் சந்தேகப்பட்டது யாரை என்று கவனியுங்கள். ஏழை, வெளியூர்க்காரன், டிரைவர். அத்திமூரில் கூடிய கூட்டத்துக்கும் வெளியூர் என்றாலே போதுமானதாக இருந்தது. இந்தப் பெண் தப்பான ஆள்மேல் கை நீட்டிவிட்டு, பக்கம் புரட்டியதும் பென்சிலால் அதை அடிக்கிறாள். இப்படிப் பழகிய கை நாளைக்குக் கூட்டத்தில் நின்றால் கல்லெடுக்க யோசிக்கும் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாவது பேசிய தங்கை சாமர்த்தியமாக ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். 'அக்கா தங்கை பாசம் என்கிறீர்களே, கோலாப்பூர் சகோதரிகளைத் தெரியுமா?' என்று கேட்டார். தெரியும். ரேணுகா ஷிண்டே, சீமா காவித். அம்மாவோடு சேர்ந்து 1990-லிருந்து 1996 வரை மகாராஷ்டிராவில் குழந்தைகளைத் திருடியவர்கள். கூட்டத்தில் பிக்பாக்கெட் அடிப்பார்கள், மாட்டிக்கொண்டால் இடுப்பில் இருக்கும் குழந்தையைக் காட்டித் தப்பிப்பார்கள். குழந்தை தொந்தரவாகிவிட்டால் கொன்றுவிடுவார்கள். 2001-இல் கோலாப்பூர் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது, 2006-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கருணை மனு வருடக்கணக்கில் தாமதமானதைக் காரணம் காட்டி 2022-இல் மும்பை உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. தங்கச்சி, என் வேலையை நீயே பாதி முடித்துக் கொடுத்துவிட்டாய். அத்தனை வருடம் அவர்கள் எப்படித் தப்பித்தார்கள்? பாட்டி சொன்ன ஆளுக்குத் தாடி இருக்கும், தோளில் சாக்கு இருக்கும். சேலை கட்டி, இடுப்பில் குழந்தையோடு வருகிற இரண்டு பெண்களை யார் சந்தேகப்படுவார்கள்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில், பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர். கடத்தலும் அதுவும் ஒன்றல்லதான். ஆனாலும் 'தெரியாதவங்க கொடுத்தா வாங்காதே' என்பதோடு பிள்ளை வளர்ப்பை முடித்துக்கொள்கிற நாம், தெரிந்தவர் கொடுத்தால் என்ன செய்வது என்று ஏதாவது சொல்லியிருக்கிறோமா? நல்ல த்ரில்லர் அதைச் சொல்கிறது. வீட்டுக்கு வந்து போகிற, எல்லோரும் மரியாதையாகப் பேசுகிற ஆள்மேலும் ஒரு கண் வை என்கிறது. இதை அப்பா அம்மா வாயால் சொல்லக் கூச்சம். பிறகு மாமா கோபித்துக்கொள்வார்.

'குற்றவாளிக்கே வழி சொல்லிக் கொடுக்கிறது' என்ற மூன்றாவது வாதத்துக்கு அரை நிமிடம் போதும். சமையல் புத்தகம் படித்தவரெல்லாம் பிரியாணி மாஸ்டர் ஆகிவிட்டால் என் வீட்டுக்காரர் இன்றைக்குப் பெரிய ஓட்டல் வைத்திருப்பார். அடுத்து.

எதற்கு அக்கா, தங்கச்சி? துப்பறிய போலீஸ் இல்லையா? இங்கேதான் நம் மலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 50 பெண்களோ அதற்குமேலோ வேலை செய்கிற தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் அதைப் பிள்ளைக்காம்பரா என்பார்கள். சரி, ஆறு வயது முடிந்தால்? அப்புறம் அக்காதான் காப்பகம். காலையில் அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். தலை வாரி, டிபன் பாக்ஸ் கட்டி, பஸ் ஏற்றி, சாயங்காலம் இறக்கி, வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பதெல்லாம் பதினைந்து வயது அக்கா. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்த எனக்கும் அப்படி ஓர் அக்கா உண்டு. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், நேரம் ஆகிறது என்று கையைக் காட்டுகிறாள். பார்த்துக்கொள்கிற வேலை இன்னும் முடியவில்லை அவளுக்கு.

இந்த அக்காக்களுக்குப் பொறுப்பு முழுதாக உண்டு. அதிகாரம் மட்டும் கிடையாது. பிள்ளை கிடைக்கவில்லை என்றால் முதல் கேள்வியே 'நீ எங்கேடி பார்த்துக்கிட்டு இருந்தே?' என்பதுதான். அவள் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஆனால் தங்கச்சி கோபம் வந்தால் எந்தத் திட்டில் போய் உட்காருவாள், எந்தக் கடைக்காரரிடம் மட்டும் பேசுவாள், யார் வண்டியில் ஏறச் சொன்னால் ஏற மாட்டாள், எந்த ஷூவின் லேஸ் அறுந்து முடிச்சு போட்டிருக்கிறது, இதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். எஃப்.ஐ.ஆரில் வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, மாநிறம் என்று எழுதுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நூறு பிள்ளைகள் வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, மாநிறம்தான். லேஸ் முடிச்சைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். இந்தக் கதைகள் அந்த ஒருத்தியை நடுவில் நிறுத்தி, உனக்குத் தெரிந்தது முக்கியம், வாயைத் திறந்து சொல், நம்பாவிட்டால் அடுத்த ஆளிடம் சொல் என்கின்றன.

எதிரணிக்கு ஓர் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன். மட்டமான த்ரில்லர்கள் இருக்கின்றன. அவற்றில் அக்கா போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவாள், இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டு '24 மணி நேரம் ஆகட்டும், அப்புறம் வா' என்பார். சினிமாவிலும் பார்த்திருப்பீர்கள். இந்த அரங்கத்திலேயே பாதிப் பேர் அது சட்டம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. பிள்ளையைக் காணோம் என்று புகார் வந்தால் கடத்தல் அல்லது ஆள் விற்பனை என்றே முதலில் கருதி உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த எல்லை என்றும் பார்க்க வேண்டாம். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இப்போது அது 112-உடனும் இணைக்கப்பட்டிருக்கிறது. இதைத் தப்பாகச் சொல்கிற நாவலை எதிரணி தாராளமாக எரித்துக் குளிர் காயட்டும், நானும் வந்து உட்காருகிறேன். சரியாகச் சொல்கிற நாவலை மட்டும் அக்காக்களின் கையில் இருக்க விடுங்கள்.

ஏனென்றால் நம் மலையில் நேரம் கணக்கு வேறு. நீலகிரியிலிருந்து வண்டியில் இறங்க வழிகள் கொஞ்சம்தான். குன்னூர் பர்லியார் வழி, நம் கோத்தகிரி வழி இரண்டும் மேட்டுப்பாளையத்தில் போய்ச் சேரும். மஞ்சூர் வழியாகக் காரமடை. கூடலூர் வழியாகக் கேரளாவோ கர்நாடகாவோ. 36 கொண்டை ஊசி வளைவு இருக்கிற கல்லட்டிப் பாதையில் மசினகுடி. பிள்ளை மலைமேல் இருக்கிற வரைக்கும் நாலைந்து செக்போஸ்டுக்குத் தகவல் போனால் போதும். மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவைக்குப் போய்விட்டால் அப்புறம் எந்த ரயில், எந்த பஸ் என்று தேடுவது? மஞ்சு இறங்கிய சாயங்காலத்தில், பழி வருமே என்று அழுதுகொண்டு நிற்கிற அக்காவுக்கும், ஷூ லேஸைச் சொல்லி, வண்டி நிறத்தைச் சொல்லி, 'பர்லியாருக்கு இப்பவே போன் பண்ணுங்க சார்' என்று மேஜையைத் தட்டுகிற அக்காவுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கலாம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியில் அடுத்துப் பேச வருகிற பெரியவர், இந்த மாதிரிப் புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிப் பேத்திகளை வளர்த்ததாகப் பெருமையாகச் சொன்னாரே, அவரிடம் ஒன்று கேட்டுவிட்டு உட்காருகிறேன். அய்யா, உங்கள் பேத்திகள் இரண்டு பேர். சின்னவளை நாலு மணியிலிருந்து காணவில்லை. பெரியவள் உங்கள் சொல் தட்டாதவள், அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றுகூடத் தொட்டதில்லை. நீங்கள் ஊரில் இல்லை, உங்கள் போன் எடுக்கவில்லை. அவள் முதலில் யாரிடம் போவாள், என்ன சொல்வாள்? அந்தப் பதிலிலிருந்து உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.