இருவாழ்வி என்றால் யார்?

நேயர்களுக்கு வணக்கம். நீரிலும் நிலத்திலும் வாழ்பவை இருவாழ்விகள் என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படியானால் முதலையை ஏன் அதில் சேர்ப்பதில்லை? அதுவும் இரண்டு இடத்திலும்தானே திரிகிறது?

முட்டையைப் பார்த்தால் விடை கிடைக்கும். முதலையின் முட்டைக்கு ஓடு உண்டு, அதைக் கரையில்தான் இடும். கூட்டில் வெள்ளம் புகுந்தால் கரு மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தவளை முட்டைக்கோ ஓடே கிடையாது. வழவழவென்ற கூழ்தான் மேலுறை. ஈரம் வற்றினால் கதை முடிந்தது.

ஆக, அந்த 'இரு' இடக்கணக்கு மட்டுமல்ல. பெரும்பாலான தவளைகள் ஒரே பிறவியில் இரண்டு உடம்பு எடுக்கின்றன. தலைப்பிரட்டைக்குச் செவுளும் வாலும் உண்டு. பாசியைச் சுரண்டித் தின்னும், அதைச் செரிக்க நீளமாகச் சுருண்ட குடல். தைராய்டு சுரப்பு உச்சத்துக்கு ஏறும்போது உடம்பே புரண்டுவிடும். கால்கள் நீளும், நுரையீரல் பொறுப்பேற்கும், பூச்சி தின்னத் தோதாகக் குடல் குறுகும். வாய் உருமாறும் அந்த நாட்களில் இரை எடுக்க முடியாது. கரைந்துகொண்டிருக்கும் வால்தான் அப்போது கைகொடுக்கிறது. சொந்த வாலையே கட்டுச்சோறாக வைத்திருக்கும் பிராணி!

கரையேறிய பிறகும் தண்ணீர்க் கடன் தீராது. தவளை வாயால் நீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்ளும். மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியேதான். பல்லி போல வாலுள்ள இருவாழ்விகளான சாலமாண்டர்களில் ஒரு பெரிய குடும்பத்துக்கு நுரையீரலே கிடையாது. தோலும் வாயின் உட்பரப்பும் போதும். இவ்வளவு வேலை செய்யும் தோல்தான் அவற்றின் பலவீனமும். 1999இல் அறிவியல் பெயர் பெற்ற கைட்ரிட் பூஞ்சை ஒன்று அந்தத் தோலைப் பிடித்தால், இரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து இதயம் நின்றுவிடுகிறது. வாழிட அழிவும் பருவநிலை மாற்றமும் சேர, இன்று இருவாழ்வி இனங்களில் ஐந்தில் இரண்டு அழியும் ஆபத்தில் இருக்கின்றன.

பெயருக்கு அடங்காதவையும் உண்டு. ஆக்சலாட்டில் என்ற சாலமாண்டர் செவுளோடு தண்ணீரிலேயே வளர்ந்து, அங்கேயே இனம்பெருக்கும். சில புதர்த்தவளைகள் தலைப்பிரட்டைப் பருவத்தை முட்டைக்குள்ளேயே கழித்துவிட்டு, குட்டித் தவளையாகவே வெளியே வரும். நீரில் இறங்காமலே வாழ்நாள் முழுவதும் மண்ணுக்குள் கழிக்கும் கால் இல்லாத சிசிலியன்களும் இருக்கின்றன. விலங்கியல் இவற்றையும் இருவாழ்வி என்றே சேர்த்துக்கொள்கிறது, மூதாதையர் வழி ஒன்று என்பதால்.

நன்றி, வணக்கம்.