யாக்கோபு சுகமாய்த் திரும்பிய வழி

மேடையை அலங்கரிக்கும் பேராயர் அவர்களே, சேகர குருவானவர் அவர்களே, பந்தலுக்குத் தம் தோப்பைத் தந்த சபை மூப்பர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்!

வேதாகமத்து யாக்கோபின் மூன்று காரியங்கள் பேச வந்தேன். மாமன் லாபானோடு உடன்படிக்கை, அண்ணன் ஏசாவோடு ஒப்புரவு, சீகேமில் வாங்கிய நிலம். மூன்றுக்கும் பழமொழி ஒன்றே: பதறாத காரியம் சிதறாது.

யாக்கோபு லாபானிடம் உழைத்தது 20 வருஷம். பத்துமுறை சம்பளம் மாறியது. மாமன் ஆட்டுமயிர் கத்தரிக்கப் போன சமயம் பார்த்துச் சொல்லாமல் கிளம்பினான். பதறினான், லாபான் ஏழு நாள் துரத்தி வந்து கீலேயாத் மலையில் பிடித்துவிட்டான். அங்கேதான் இருவரும் உடன்படிக்கை பண்ணினார்கள்.

பழைய கோபம் உள்ள ஏசாவோ 400 பேரோடு வருகிறான்! இங்கே யாக்கோபு பதறவில்லையா? பயந்தான், ஜெபித்தான், பிறகு மந்தையைப் பிரித்தான். வெள்ளாட்டில் பெட்டை 200, கடா 20. செம்மறியில் அதே கணக்கு. குட்டியோடு பால் ஒட்டகம் 30. பசு 40, காளை 10. பெண் கழுதை 20, குட்டி 10. பத்துப் பெட்டைக்கு ஒரு கடா என்றால் அது அறுப்புக்கு அல்ல, பெருக்கத்துக்கு. கழித்துக் கட்டியதை அவன் அண்ணனுக்குக் கொடுக்கவில்லை, ஐயா! மந்தைக்கு மந்தை இடைவெளி விட்டு ஓட்டச் சொன்னான். முதல் மந்தையைக் கண்டு ஏசா, "இது யாருடையது?" என்பான், "உம்முடைய அடியான் யாக்கோபுடையது, ஆண்டவனாகிய ஏசாவுக்கு வெகுமதி" என்பான் மேய்ப்பன். கொஞ்ச தூரத்தில் அடுத்த மந்தை, அதே பதில். கோபம் படிப்படியாய் இறங்கும்.

அண்ணன் கட்டிக்கொண்டு அழுதபின், "சேர்ந்து போவோம்" என்றான். யாக்கோபு மறுத்தான்: ஒரே நாள் துரத்தி ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும். ஈன்ற ஆடு குட்டியை விட்டு நகராது; விரட்டினால் பால் வற்றும், குட்டி விழும். பதறாத காரியம் சிதறாது!

யாக்கோபு சீகேமுக்கு வந்து சேர்ந்ததைச் சொல்லும் இடத்தில், நம் பழைய வேதாகமத்தில் 'சாலேம்' ஊர்ப்பெயராக நிற்கிறது. அந்த எபிரெயச் சொல்லுக்குச் 'சுகமாய்' என்றும் பொருள் உண்டு. அங்கே 100 வெள்ளிக்காசு கொடுத்து நிலம் வாங்கினான். தகப்பன் ஈசாக்கு 180 வயதில் மரித்தபோது ஏசாவும் யாக்கோபும் சேர்ந்தே அடக்கம்பண்ணினார்கள்.

பாகப்பிரிவினை வழக்கில் நிற்கும் அண்ணன் தம்பிமாரே, வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பும். வழக்கு எண்ணை எழுதிக்கொண்டு, அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போங்கள்.