பெருந்தொற்றும் பீகார் கிராமங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெருநகர மருத்துவமனைகளின் வாசல்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 88 பேருக்கு மேல் கிராமங்களில் வாழும் பீகார் மாநிலத்தை அந்தப் பெருந்தொற்று என்ன பாடு படுத்தியது என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பீகார் கிராமத்து வயலில் நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் விளைகின்றன. ஆனால், மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மகளின் திருமணத்துக்கும் கைக்கு வரும் ரொக்கம், பல குடும்பங்களில், பஞ்சாபின் நாற்று வயல்களிலும் சூரத்தின் ஆலைகளிலும் நம் திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும் உழைப்பவர்கள் அனுப்பும் பணமாகவே இருக்கிறது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, பெரும்பாலான பீகார் கிராமங்களை நோய் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே அந்தப் பணம் நின்றுபோனது. முதல் அடி வயிற்றில் விழுந்தது என்பதே என் கருத்து.

அனுப்பும் பணம் நின்ற பிறகு, அனுப்பியவர்களே வந்து சேர்ந்தார்கள். மே 1 முதல் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கின. அதற்கு முன்பே நடந்தும் லாரிகளில் தொற்றிக்கொண்டும் கிளம்பியவர்கள் பலர். நாடாளுமன்றத்தில் அரசு அளித்த விவரப்படி, நாடு முழுவதும் ஊர் திரும்பிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் பீகாருக்குத் திரும்பியவர்கள். கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் தனிமைப்படுத்தும் முகாம்களாயின. வகுப்பறையின் பெஞ்சுகள் சுவரோரம் அடுக்கப்பட்டு, தரையில் பாய் விரித்து, ஒரே கைப்பம்பைச் சுற்றி நாளெல்லாம் கூட்டம் நின்றது. சொந்த ஊரில் இருந்தும், சொந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் அவர்கள் நாட்களை எண்ணினார்கள்.

அவர்களுக்கு வேலை தேடித் தரும் முயற்சிகளும் நடந்தன. ஜூன் 20 அன்று ககாரியா மாவட்டத்தின் தெலிஹார் கிராமத்தை மையமாக வைத்து, 125 நாள் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைப் பிரதமர் தொடங்கி வைத்தார். அதில் சேர்ந்த 116 மாவட்டங்களில் 32 பீகாரைச் சேர்ந்தவை. ரேஷன் கடையில் ஆளுக்கு 5 கிலோ தானியம் கூடுதலாக இலவசமாகக் கிடைத்தது. அது பல அடுப்புகளை அணையாமல் காத்தது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், தையல் இயந்திரத்தில் தேர்ந்த கைக்கு மண்வெட்டி வேலை எத்தனை நாள் பொருந்தும்? ஜூன் மாதத்திலேயே நாற்று நட ஆள் கிடைக்காத பஞ்சாப் விவசாயிகள் பீகாருக்குப் பேருந்துகளை அனுப்பினார்கள். வந்த வழியே பலர் திரும்பிப் போனார்கள். அதே பருவத்தில் வட பீகாரை வெள்ளமும் சூழ்ந்தது.

2021-இல் வந்த இரண்டாம் அலைதான் கிராமங்களுக்குள் நோயாகவே நுழைந்தது. பரிசோதனை வசதி தொலைவில் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர்கள் போதவில்லை. காய்ச்சல், மூச்சுத்திணறல், இரண்டு மூன்று நாளில் மரணம் எனப் பல வீடுகளில் முடிந்துபோனது. மே மாதம் பக்சர் மாவட்டத்தின் சௌசாவில் கங்கைக் கரையில் உடல்கள் ஒதுங்கியபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. பாட்னா உயர்நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு நடந்த மறுகணக்கெடுப்பில், ஜூன் 9 அன்று மாநில அரசு தன் மரண எண்ணிக்கையை ஏறத்தாழ 5,400-இலிருந்து 9,429-ஆக உயர்த்தியது. ஒரே நாளில் ஏறிய அந்த நாலாயிரம் பேரும் அதற்கு முன்பே தங்கள் குடும்பத்தினர் கண்ணெதிரே இறந்தவர்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

இதை வெறும் புள்ளிவிவரச் சிக்கலாக நான் பார்க்கவில்லை. கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் தருவதாகப் பீகார் அரசு அறிவித்திருந்தது. பரிசோதனையே செய்யாமல் வீட்டில் இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி, அந்தத் தொகையைக் கேட்க எந்தத் தாளை நீட்டுவார்? வெளியூர்ப் பணமும் இல்லை, அதை அனுப்பியவரும் இல்லை, அவர் எதனால் இறந்தார் என்பதற்குச் சான்றும் இல்லை.

எந்த வீட்டில் யார் இறந்தார், இறக்கும் முன் என்ன நோய்க்குறி இருந்தது என்பது ஊர் காவலருக்கும், வீடு வீடாகச் செல்லும் கிராமச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவுக்கும், வார்டு உறுப்பினருக்கும் தெரியும். ஓராண்டு கடந்த மரணத்தையும் உரிய அதிகாரியின் ஆணை பெற்றுப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. காவலர், ஆஷா, வார்டு உறுப்பினர் மூவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, வார்டு வார்டாக இறந்தவர்களின் பட்டியலை எழுதி முடிக்க வேண்டும் என்று மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.