தனுஷ்கோடி: கப்பலேற்றி அனுப்பிய ரயிலடி

வணக்கம் நேயர்களே. தனுஷ்கோடி என்றதும் நமக்கெல்லாம் ஞாபகத்துக்கு வருவது புயல் அடித்த 1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரிதான். அந்த ராத்திரியைப் பற்றி நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் தனுஷ்கோடி ஸ்டேஷன் 50 வருஷம் ஜேஜே என்று இருந்தது. அதைப் பேச ஆளில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

கொழும்புக்குப் போகிறவர்கள் ஒரு காலத்தில் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறினார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. சென்னையிலேயே கொழும்புக்கு டிக்கெட் எடுத்துவிடலாம். தனுஷ்கோடி வரை ரயில். இறங்கினால் பக்கத்திலேயே கப்பல் துறை. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் இலங்கைக் கரையில் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் நிற்கும். இரண்டு ரயிலுக்கு நடுவே ஒரு கப்பல், அதனால்தான் ‘போட் மெயில்’. எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற வண்டிக்கு அந்தப் பேர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு பாம்பனிலிருந்து மெயின் லைன் போனது தனுஷ்கோடிக்கு. ராமேஸ்வரத்துக்குப் போனது கிளைப்பாதைதான்!

ஸ்டேஷனைச் சுற்றி சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில்வேக்காரர்களின் வீடுகள். துறையில் ‘இர்வின்’, ‘கோஷன்’ என்ற நீராவிக் கப்பல்கள். வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும் போனார்கள் என்பது இருக்கட்டும். என் மனசு நிற்பது தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களிடம். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பேச்சை நம்பி, மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நாள்கணக்கில் காத்திருந்து, துணிமூட்டையோடு வந்து கப்பலேறிய குடும்பங்கள். சொந்த மண்ணில் அவர்கள் கடைசியாகக் கால் வைத்த இடம் அந்த பிளாட்பாரம்.

இப்போது அங்கே போனால் ஸ்டேஷன் என்று நிற்பது சில சுவர்கள்தான். கிட்டே போய்ப் பாருங்கள். பவளப்பாறைக் கல்லில் கட்டியது. விரலால் தடவினால் பூப்போன்ற வரிகள் தட்டுப்படும். இந்தப் பக்கம் பெண் கடல், அந்தப் பக்கம் ஆண் கடல் என்பார்கள் ஊர்க்காரர்கள். வடக்கே அலையில்லாமல் படுத்துக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா இரைந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கையால் மணலைத் தோண்டினால் ஊறுவது நல்ல தண்ணீர். நான் குடித்திருக்கிறேன், கரிக்கவில்லை.

இனி அந்த ராத்திரி. அந்தமானுக்குத் தெற்கே உருவான புயல் இலங்கையைக் கடந்து வந்தது. 653-ஆம் நம்பர் பாசஞ்சர் 11.55-க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பியது. தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சிக்னல் விழவில்லை. டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீளமாக விசில் கொடுத்து வண்டியை எடுத்தார் என்று சொல்கிறார்கள். எழும்பி வந்த கடல் ஆறு பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு போனது. பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர் என்பது கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

உருக்குலைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவர்தான். ஆனால் ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிட்டது. தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 30-ஆம் தேதிதான் இந்தியப் பிரதமர் சாஸ்திரிக்கும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுக்கும் இடையே சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தானது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு. தாத்தா பாட்டியை அனுப்பிவைத்த அதே பிளாட்பாரத்தில் பேரன் பேத்திகள் வந்து இறங்கியிருக்க வேண்டும். அவர்கள் கப்பல் கப்பலாக வந்தபோது தனுஷ்கோடி இல்லை. ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள்.

உள்நாட்டுப் போரில் அறுந்துபோன தலைமன்னார் பாதை 2015-இல் மீண்டது. அக்கரையில் கடலோரம் வரை இப்போது ரயில் வருகிறது. இக்கரையில், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 17 கிலோமீட்டர் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் ராமேஸ்வரத்தைத் தாண்டவில்லை.

வணக்கம்.