பெட்ஷீட் விரிக்கவா காலேஜு?

வணக்கம் நேயர்களே. கேட்டரிங் காலேஜ்ல, அதாவது ஓட்டல் மேனேஜ்மென்ட் படிப்புல, சேரப்போறேன்னு ஒரு பையன் சொன்னா நம்ம வீட்ல முதல்ல வர்ற கேள்வி, "ஏன்டா, கல்யாண வீட்ல கரண்டி பிடிக்கவா?" என்னைக் கேட்டது எங்க பெரியப்பா. சமையல் மட்டும் இல்லீங்க, அங்க நாலு டிபார்ட்மென்ட், கிச்சன், சர்வீஸ், கெஸ்ட்ட வரவேற்கற ஃப்ரண்ட் ஆபீஸ், ரூமையெல்லாம் சுத்தமா வச்சுக்கற ஹவுஸ்கீப்பிங். இந்த கடைசி ஐட்டத்துலதான் நான் முப்பது வருஷம் குப்பை கொட்டினேன், நிஜமாவே கொட்டினேன்.

ட்ரெய்னிங் போன ஓட்டல்ல முதல் நாள், சூப்பர்வைசர் அம்மா ஒருத்தங்க பெட் போடச் சொன்னாங்க. ஆஸ்பத்திரி கட்டில்ல பாத்திருப்பீங்களே, ஷீட்டோட மூலைய சாய்வா மடிச்சு மெத்தைக்கு அடியில சொருகியிருக்கும், அதேதான். நான் போட்டேன், ஒரே இழுப்புல உருவிட்டு "மறுபடி"ன்னாங்க. ஏழு தடவை! எட்டாவது தடவை மூலை சரியா வந்துச்சு, அப்பாடான்னு நிமிந்தா, ஷீட் மேல உள்ளங்கையால தடவி ஒரே ஒரு முடிய எடுத்துக் காட்டுனாங்க. "தம்பி, இது ஒண்ணு போதும், நீ தேய்ச்ச பாத்ரூம் எதுவும் கெஸ்ட் கண்ணுக்குத் தெரியாது." அப்புறம் கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போய் மூடிய மூடி அது மேல என்னை உக்கார வச்சாங்க. அங்கேருந்து பாத்தாதான் கதவுக்குப் பின்னாடி இருக்கற அழுக்கு தெரியுது. கெஸ்ட் உக்கார்ற இடத்துல நீ உக்காந்து பாரு, படிப்பே அவ்வளவுதான், திரும்பவும் சொல்றேன், கெஸ்ட் உக்கார்ற இடத்துல உக்காந்து பாக்கணும்.

இதுக்கு காலேஜ் எதுக்குன்னா, ஒரு ஷிஃப்டுக்கு ஒரு ஆளு பதினாலு, பதினஞ்சு ரூம் முடிக்கணும், எந்தக் கறைக்கு எந்தக் கெமிக்கல், பெட்ஷீட், டவல்னு லினன் எத்தனை செட் லாண்டரியில சுத்தணும், எல்லாம் கணக்கு. 1963-ல ஆரம்பிச்ச ஐ.எச்.எம்., அதாவது அரசாங்க ஓட்டல் மேனேஜ்மென்ட் காலேஜ், சென்னை தரமணியில இருக்கு, திருச்சி துவாக்குடியிலயும் ஒண்ணு இருக்கு. பிளஸ் டூல எந்த குரூப்னாலும் பரவால்ல, இங்கிலீஷ் ஒரு பாடமா இருக்கணும், என்.சி.எச்.எம். ஜே.இ.இ.ங்கற நுழைவுத் தேர்வு எழுதணும். சம்பளம் ஆரம்பத்துல கம்மி, தீபாவளி அன்னிக்குதான் டூட்டி கண்டிப்பா இருக்கும், கால் வலி இலவசம்.

வேலைன்னு பாத்தா... ஐயோ, நேரம் முடிஞ்சுதுன்னு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்றாங்க, கப்பல் வேலைய பத்தி நிறைய எழுதிட்டு வந்திருந்தேன். பெரிய ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் லவுஞ்ச், ஐ.டி. கம்பெனி, எல்லாத்துலயும் ஹவுஸ்கீப்பிங் ஆளு வேணும். கப்பல்னா எஸ்.டி.சி.டபிள்யூ.ங்கற பாதுகாப்பு ட்ரெய்னிங், கப்பல் ஊழியருக்கு அரசாங்கம் தர்ற சி.டி.சி. புக்கு வேணும், ஏஜென்ட்டுக்கு டி.ஜி. ஷிப்பிங், அதாவது மத்திய அரசோட கப்பல் துறை இயக்குநரகம், குடுத்த லைசென்ஸ் இருக்கான்னு பாத்துட்டுப் பேசுங்க, வேலை வாங்கித் தர்றேன்னு பணம் கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க. வணக்கம்.