விளக்கடியில் உட்கார்ந்தவர்

அவையோருக்கு வணக்கம்.

வானம் பார்ப்பவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். விளக்கொளி கண்ணில் பட்டுவிட்டால் மங்கலான விண்மீன் எதுவும் தெரியாது. கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். வானியலாளர் கரோலைன் ஹெர்ஷலின் பாதி வாழ்க்கை இந்தத் தொல்லைக்குள்தான் கழிந்தது.

1750இல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். பத்து வயதில் டைஃபஸ் காய்ச்சல். அதோடு வளர்த்தி நின்றுபோய், உயரம் நாலேகால் அடிதான். இவளுக்கு எங்கே கல்யாணம் ஆகப்போகிறது என்று வீட்டு வேலைக்கே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். 1772இல் அண்ணன் வில்லியம் இங்கிலாந்துக்கு அழைத்துப்போய்ப் பாட்டு கற்றுக்கொடுத்தார். பாடகியாகத் தலையெடுக்கும் நேரத்தில் அண்ணனுக்குத் தொலைநோக்கிப் பைத்தியம் பிடித்தது! தொலைநோக்கிக்கான ஆடியைத் தேய்க்க ஆரம்பித்தால் பதினாறு மணி நேரம்கூடக் கையெடுக்க மாட்டார். தங்கைதான் பக்கத்தில் நின்று வாயில் ஊட்டிவிடுவார்.

இரவில் அண்ணன் தொலைநோக்கியில் கண் வைத்துக் குரல் கொடுப்பார். தங்கை கடிகாரமும் விளக்குமாக உட்கார்ந்து எழுதுவார். வானத்தையே எழுதுகிறார், ஆனால் அதைப் பார்க்க முடியாத இடத்தில் இருக்கிறார்.

1783 டிசம்பர் 31. தரையெல்லாம் உருகும் பனி. அண்ணன் அவசரப்படுத்த, இருட்டில் ஓடியவர் வழுக்கி விழுந்தார். தொலைநோக்கியை நகர்த்தும் பொறியிலிருந்த இரும்புக் கொக்கி முழங்காலுக்கு மேலே காலில் இறங்கிவிட்டது. "சீக்கிரம்" என்ற அண்ணனுக்கு அவர் தந்த பதில், "மாட்டிக்கொண்டேன்." ஆட்கள் தூக்கியபோது சதை கொக்கியிலேயே நின்றுவிட்டது. பின்னாளில் இதை எழுதும்போது, மீதி இரவு மேகமூட்டம், அதனால் அண்ணனுக்கு நஷ்டமில்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறார். படிக்கும் நமக்குத்தான் கோபம் வருகிறது.

1786 ஆகஸ்டில் அண்ணன் ஜெர்மனி போயிருந்தார். விளக்கை விட்டு எழுந்த தங்கை சிறிய தொலைநோக்கியால் வானத்தைத் துழாவினார். முதல் தேதி இரவே ஒரு வால்மீன் சிக்கியது. 1797க்குள் எட்டு! கடைசி வால்மீனைக் கண்ட பிறகு ஒரு மணி நேரமே தூங்கிவிட்டு, குதிரையேறி கிரீனிச் வானாய்வகத்துக்கே போய்ச் செய்தி சொன்னார்.

1828இல் அரச வானியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. அடுத்து ஒரு பெண்ணுக்கு அது போனது 1996இல், அமெரிக்க வானியலாளர் வீரா ரூபினுக்கு.

எனக்கு அந்தப் பதக்கத்தைவிட 1787தான் முக்கியம். அண்ணனின் உதவியாளர் என்று சொல்லி, மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் போட்டார். அக்டோபரில் முதல் தவணை, பன்னிரண்டரை பவுண்டு, கைக்கு வந்தது. தன் இஷ்டத்துக்குச் செலவழிக்கலாம் என்று வாழ்நாளில் முதன்முதலாகத் தோன்றிய காசு அதுதான் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 37.